52,000 ரூபாய் பிசியில நான் மிச்சம் பிடிச்ச 2,500 ரூபாய்

வொர்க் ஃப்ரம் ஹோம் செலவுகள் பத்தின வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ப்ரோ, 50,000 பட்ஜெட்ல பிசி அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன், எதுல காசைக் குறைக்கலாம்?" எதுல குறைக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன். ஏன்னா அதுல குறைச்சு நல்லா அடி வாங்கினவன் நான்.

2021 மார்ச். அப்போ என் சம்பளம் 34,000. ஆபீஸ் வேலை போக ராத்திரில வீடியோ எடிட்டிங் ஃப்ரீலான்ஸ் பண்ணலாம்னு 52,000 ரூபாய்க்கு ஒரு பிசி, 18 மாச இஎம்ஐ. நான் எழுதிட்டுப் போன லிஸ்ட்ல எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, தனியா 3,600 ரூபாய். கடைக்காரர் சிரிச்சார். "எதுக்கு சார் வேஸ்ட்டா? கேபினெட்டோட சேர்ந்தே 450 வாட் வருது, சூப்பரா ஓடும்." 2,500 மிச்சம். அந்தக் காசுல கலர் கலரா லைட் எரியற கீபோர்டு வாங்கினேன்.

14 மாசம் சூப்பராத்தான் ஓடுச்சு. மே மாசம் ஒரு ராத்திரி கரண்ட் போய், ரெண்டு நிமிஷத்துல வந்துச்சு. 'டப்'னு ஒரு சத்தம், கருகின வாடை. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தா பரவாயில்ல. போகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. மதர்போர்டுக்கு மூணு வருஷ வாரண்டி இருந்துச்சு, ஆனா கருகின தடம் இருக்குன்னு சர்வீஸ் சென்டர்ல திருப்பிக் கொடுத்துட்டாங்க. மதர்போர்டு 7,800, எஸ்எஸ்டி 3,900, புது எஸ்எம்பிஎஸ் 4,200. மொத்தம் 15,900. எஸ்எஸ்டியில இருந்த கிளையன்ட் வேலை போனது தனி. எரிஞ்சு போன மெஷினுக்கு இன்னும் நாலு மாச இஎம்ஐ பாக்கி.

சரி, பிசிக்குள்ள என்னென்ன இருக்குன்னு வேகமா பாத்துடலாம். ப்ராசசர்தான் கணக்கு போடறது. ரேம் வேலை நடக்கும்போது சாமானைப் பரப்பி வைக்கிற மேஜை, எஸ்எஸ்டி பீரோ. கிராஃபிக்ஸ் கார்டு கேமிங், எடிட்டிங், த்ரீடி வேலைக்கு. எக்செல், மீட்டிங், பிரவுசர்னு மட்டும் இருந்தா அது உங்களுக்குத் தேவையே இல்ல. ஆனா ஒண்ணு கவனிங்க. இன்டெல் ப்ராசசர் பேரோட கடைசில 'எஃப்'னு இருந்தா (12400எஃப் மாதிரி) உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கம்மின்னு அதை மட்டும் வாங்கிட்டு வந்து ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரலைன்னு தலையைச் சொறியற ஆளுங்க இருக்காங்க. இது எல்லாத்தையும் ஒண்ணா இணைக்கிறது மதர்போர்டு.

இந்த எல்லாத்துக்கும் சோறு போடறது எஸ்எம்பிஎஸ். சுவத்துல வர்றது 230 வோல்ட் ஏசி. உள்ள போனதும் அது 325 வோல்ட் அளவுக்கு டிசி ஆகுது. அதை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன், ஆஃப் பண்ணி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியா இறக்கி 12, 5, 3.3 வோல்ட்டா வெளிய விடுது. பேர்ல இருக்கிற 'ஸ்விட்ச்' இதுதான். இப்பல்லாம் ப்ராசசர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டுமே 12 வோல்ட் லைனைத்தான் நம்பி இருக்கு. அந்த 12 வோல்ட், 11.4ல இருந்து 12.6க்குள்ள நிக்கணும். அளவு தாண்டினா தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கிற பாதுகாப்பு சர்க்யூட் நல்ல எஸ்எம்பிஎஸ்ல இருக்கும். வோல்டேஜ் ஏறினா ஒண்ணு, ஷார்ட் ஆனா ஒண்ணு, சூடு ஏறினா ஒண்ணு. விலையைக் குறைக்கணும்னா கம்பெனிக்காரன் முதல்ல கை வைக்கிறது இங்கதான், ஏன்னா கடையில ஆன் பண்ணிக் காட்டும்போது இது இல்லாதது யாருக்கும் தெரியாது. பேங்க்ல எஃப்டி போடப் போனா கூடவே ஒரு பாலிசியைத் தலையில கட்டுவாங்க இல்ல? காம்போ எஸ்எம்பிஎஸ் அந்த ஜாதி.

தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. பெட்டி மேல கொட்டை எழுத்துல இருக்கிற வாட்டைப் பாக்காதீங்க, பக்கவாட்டு லேபிளைப் பாருங்க. அதுல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும். ரெண்டையும் பெருக்குங்க. எரிஞ்சு போன என் '450 வாட்' பெட்டில 16 ஆம்பியர்னு போட்டிருந்துச்சு. 12 × 16 = 192 வாட். அவ்வளவுதான்! மீதியை 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்ல காட்டி 450னு கூட்டிட்டாங்க. இன்னைக்கு பிசியில அந்த லைன்களுக்குப் பெரிசா வேலையே இல்ல. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்னா 12 வோல்ட்ல மட்டும் 45 ஆம்பியர் மாதிரி, அதாவது 540 வாட் வரும். சம்பளத்துல சிடிசி வேற, கைக்கு வர்றது வேறன்னு நமக்குத் தெரியாததா?

அப்ப எத்தனை வாட் வாங்கணும்? இங்க எதிர்ப்பக்கத் தப்பும் நடக்குது. பயந்துபோய் 850 வாட் வாங்கறாங்க. ஐ5 12400எஃப் உச்சத்துல 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாத்துக்கும் ஒரு 50 வெச்சாலும் 280 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டு திடீர் திடீர்னு ஒரு கணம் அதிகமா இழுக்கும், அதனால கொஞ்சம் இடம் விடணும். அந்தக் கார்டுக்கு என்விடியாவே சொல்றது 550 வாட். கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத ஆபீஸ் பிசிக்கு நல்ல 450 தாராளம். இன்னொண்ணு, 850 வாட் வாங்கினா கரண்ட் பில் ஏறிடும்னு சிலர் நினைக்கிறாங்க. இல்லங்க. பிசி எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் போகும்.

அடுத்தது 80 பிளஸ் ஸ்டிக்கர். பிரான்ஸ், கோல்டுன்னு போட்டிருக்கறது, சுவத்துல இருந்து எடுக்கிற கரண்ட்ல எவ்வளவு வீணாகாம பிசிக்குப் போகுதுங்கறதுக்கான சர்டிஃபிகேட். 115 வோல்ட் டெஸ்ட்ல, பாதி லோடுல பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் தொடணும். "கோல்டு வாங்குங்க, கரண்ட் பில்லுலயே போட்ட காசு திரும்பிடும்"னு சொல்லுவாங்க. கணக்கு போட்டுப் பாத்துடலாமா? பிசி 250 வாட் எடுக்குதுன்னு வைங்க. பிரான்ஸ்னா சுவத்துல 294 வாட், கோல்டுன்னா 278. வித்தியாசம் 16 வாட். தினம் 5 மணி நேரம் ஓட்டினா மாசத்துக்கு ரெண்டரை யூனிட்கூட வராது. யூனிட் 8 ரூபாய்னு வெச்சாலும் மாசம் 20 ரூபாய். கோல்டுக்கு 3,000 கூடுதலா கொடுத்தீங்கன்னா அது திரும்பி வர 150 மாசம், அதாவது பன்னிரண்டரை வருஷம்! கோல்டு வாங்கறவங்க வாங்கட்டும். சத்தம் கம்மி, வாரண்டி ஜாஸ்தின்னு வேற காரணங்கள் இருக்கலாம். மிச்சம் ஆகும்னு மட்டும் சொல்லாதீங்க. என்னைக் கேட்டா, மாச சம்பளக்காரங்களுக்கு 5 வருஷ வாரண்டி உள்ள பிரான்ஸ் போதும். இந்த ஸ்டிக்கர் கரண்ட் சிக்கனத்துக்குத்தான், பாதுகாப்பு சர்க்யூட்டுக்கு இல்லங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. அதனால நீங்க வாங்கப் போற மாடலையே பிரிச்சு டெஸ்ட் பண்ண ரிவ்யூ இருந்தா தேடிப் பாருங்க.

பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்னு ஆசை காட்டுவாங்க. 4,000 ரூபாய் பொருள்ல அது 720 ரூபாய். பில் இல்லன்னா அஞ்சு வருஷ வாரண்டியை யார்கிட்ட போய்க் கேப்பீங்க? பில்லை போட்டோ எடுத்து மெயில்லயும் போட்டு வைங்க. அச்சடிச்ச எழுத்து ஒரே வருஷத்துல மங்கிப் போயிடும்.

வாங்கினதுக்கு அப்புறமும் காசு போற இடங்கள் இருக்கு. கழட்டி மாட்டற கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தா, பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளைப் புதுசுல மாட்டாதீங்க. சரியாத்தான் பொருந்தும், ஆனா உள்ள வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆன் பண்ண அந்த நிமிஷமே எஸ்எஸ்டி காலி ஆகலாம். எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

யுபிஎஸ் வாங்கறவங்க விஏ, வாட் ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. 600 விஏன்னு விக்கிறது பெரும்பாலும் 360 வாட்தான். வேலையை சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண அது போதும், கரண்ட் இல்லாதப்ப கேம் ஆட இல்ல. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா பின்னாடி 'யுபிஎஸ் மோடு' ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. அதைப் போடலைன்னா, கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறுற இடைவெளியிலேயே பிசி ரீஸ்டார்ட் ஆகிடும்.

கடைசியா வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கு. கேபினெட்டைத் தொட்டா கை லேசா ஜிவ்வுனு இருக்கா? பல வீடுகள்ல மூணு துளை பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த் வயர் மட்டும் உள்ள வந்திருக்காது. எஸ்எம்பிஎஸ் தன்னோட இரைச்சலை எர்த்துலதான் இறக்கி விடணும். எர்த் இல்லன்னா அது கேபினெட்லயே நிக்கும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தாலும் இதான் கதி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு செக் பண்ணுங்க, ஹவுஸ் ஓனர்கிட்டயும் சொல்லுங்க.

இப்ப வீட்ல பிசி வெச்சிருக்கிறவங்க ஒரு வேலை பண்ணுங்க. ஷட்டவுன் பண்ணி, பிளக்கை எடுத்துட்டு, பக்கவாட்டு மூடியைக் கழட்டி அந்த லேபிளைப் பாருங்க. பெட்டில எத்தனை வாட், 12 வோல்ட்ல எத்தனை ஆம்பியர்னு ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க. என் 192ஐ யாராவது மிஞ்சிக் கீழ போறீங்களான்னு பாக்கலாம்.