கோபுர உயரமும் மூன்று பந்துகளும்

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் உயரம். அதில் ஏறி யாரும் பந்து எறியப் போவதில்லை. கணக்குக்காக அந்த உயரத்தை மட்டும் கடன் வாங்கிக்குவோம்.

அந்த உயரத்திலிருந்து மூன்று பந்துகளை எறிகிறோம்: ஒன்று நேரே மேலே, ஒன்று கிடைமட்டமாக, ஒன்று நேரே கீழே. மூன்றுக்கும் தொடக்க வேகம் விநாடிக்கு 20 மீட்டர். தரையைத் தொடும்போது எதற்கு வேகம் அதிகம்?

"கீழே எறிஞ்சதுக்குத்தான், இதுல என்ன சந்தேகம்?" என்று சட்டென்று தோன்றும். ஆனால் காற்றின் தடையை விட்டுவிட்டால், மூன்றுக்கும் ஒரே வேகம்தான்.

இதை வரவு செலவுக் கணக்கு மாதிரி பாருங்கள். தொடக்கத்தில் மூன்று பந்துகளுக்கும் இயக்க ஆற்றல் சமம், நிலை ஆற்றலும் சமம். தரைக்கு வரும்போது அந்த நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிவிடுகிறது. எந்த வழியாக வந்தாலும் இறங்கிய உயரம் ஒன்றுதானே! நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போகும். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால்:

இறுதி வேகத்தின் வர்க்கம் = 20 × 20 + 2 × 10 × 52 = 1440

வேகம் விநாடிக்குச் சுமார் 38 மீட்டர். கோணமும் வேண்டாம், நேரமும் வேண்டாம்.

ஆனால் இந்த முறையில் ஒரு பள்ளம் இருக்கு. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பலர் அதில் விழுவார்கள். தரையிலிருந்து 60 டிகிரி சாய்வில், அதே 20 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும்? "உச்சியில் வேகம் பூச்சியம்" என்று போட்டால் 20 மீட்டர் வரும். அது தப்பு. உச்சியில் பூச்சியமாவது செங்குத்து வேகம் மட்டும்தான். கிடைமட்ட வேகமான 10 மீட்டர் அப்படியே இருக்கும். அதனால் உயரம் (400 − 100) ÷ 20 = 15 மீட்டர். விட்டுப்போன அந்த 5 மீட்டருக்கான ஆற்றலை வைத்துக்கொண்டுதான் பந்து உச்சியிலும் முன்னோக்கி ஓடிக்கிட்டு இருக்கு. நேர் மேலே எறிந்தால் மட்டுமே 20 மீட்டர் சரி.

இன்னொன்று, ஆற்றல் திசையையும் நேரத்தையும் சொல்லாது. நம்ம மூன்று பந்துகளையே எடுத்துக்குங்க. கீழே எறிந்தது 1.8 விநாடியில் தரைக்கு வரும். கிடைமட்டப் பந்துக்கு 3.2 விநாடி, மேலே எறிந்ததற்கு 5.8 விநாடி. வேகம் ஒன்று, நேரம் மூன்று.

ஆகவே கணக்கைத் தொடங்கும் முன்னால் கேள்வியை ஒருமுறை பாருங்கள். "எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம்" என்று கேட்டால் ஆற்றல் மாறா விதி போதும். "எப்போது, எங்கே" என்று கேட்டால் இயக்கச் சமன்பாடுகளுக்குத்தான் போகணும்.