ஆங்கில நோட்டுக்கு ஒரே ஒரு வாசகர்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், சேசு சபையினரின் மதுரை மிஷனுக்குப் பழைய தலம். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதிரிமார் தமிழ் கற்றபோது, தப்பாகப் பேசினால் திருத்த ஊரே இருந்தது. இன்று இந்தப் பக்கத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினால், பெரும்பாலும் அதைப் படிப்பவர் ஒருவர்தான்: ஆங்கில ஆசிரியர். அதனாலேயே அவர் நோட்டில் எழுதும் ஒரு வரிக்கு அத்தனை கனம்.

பல நோட்டுகளில் காணக் கிடைப்பதோ பக்கம் முழுக்கச் சிவப்பு மை. இல்லையென்றால் ஒரு டிக், ஒரு கையெழுத்து, பத்துக்கு ஐந்து. கட்டுகட்டாக நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளை மார்க்கைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறது. அடுத்த முறை கைடைப் பார்த்து எழுதிவிடுகிறது.

இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். அதில் மாணவர்கள் செய்தது எழுத்துக் கட்டுரை அல்ல, வேறு பயிற்சிகள்தான். கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மார்க் கருத்தை விழுங்கிவிட்டது.

இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழை திருத்தமே வீண் என்று 1996இல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் வாதிட்டார். 1999இல் இன்னொரு ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். ஓரிரு வகைப் பிழையை மட்டும் எடுத்துத் திருத்தினால் பலன் உண்டு என்று பின்னர் ஜான் பிச்சனர் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

ஒரு பிள்ளை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: ‘மை ஃபாதர் ஃபார்மர். யெஸ்டர்டே ஹி கோ டு ஃபீல்ட். ரெயின் கம்.’ தமிழில் ‘என் அப்பா விவசாயி’ என்றாலே வாக்கியம் நிறைந்துவிடும். ‘இஸ்’ விடுபட்டது அக்கறையின்மை அல்ல. இந்த வாரம் அதை விட்டுவிடலாம். நேற்று நடந்ததைச் சொல்லும் ‘கோ’, ‘கம்’ இரண்டுக்கும் அடியில் கோடு போட்டு, ஓரத்தில் ‘மழை வந்ததும் அப்பா என்ன செய்தார்?’ என்று கேட்கலாம். தமிழிலேயே கேட்டால் என்ன? தன் அப்பாவைப் பற்றி ஒருவர் விசாரிக்கிறார் என்றால் பிள்ளைக்கு மேலும் எழுதத் தோன்றும்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்திலும் பொருளுக்கே முதலிடம். பிழைகளை அவ்வப்போது, போகிற போக்கில் திருத்தினார்கள்.

ஓரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சேர்த்து, அதே பத்தியைப் பிள்ளை மறுபடி எழுத வேண்டும். அதற்கு ஆசிரியர் வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்கட்டும். மார்க்கை அந்த இரண்டாவது தாளுக்குப் போடட்டும்.