விதித்தளர்வும் அயலவர் ஆட்சேபமும்: வீடு கட்ட முன் அறிய வேண்டியவை

படுவான்கரையில் ஒரு வளவுக்குள் வீடு, கிணறு, நெற்பட்டறை, மாட்டுப்பட்டி எல்லாம் தாராளமாக அடங்கும். அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். வீட்டை எந்தப் பக்கம் கட்டுவது என்பதை மூத்தவர்களும் மேசனும் பேசித் தீர்மானித்தால் போதும். ஆனால் இடம்பெயர்ந்து வந்து, அமிர்தகழி போன்ற வாவியோரக் குறிச்சிகளில் பத்துப் பேர்ச் காணிக்குள் வீடு கட்டும்போது நிலைமை வேறு. எமது சுவர் அயலவரின் வேலியைத் தொடுகிறது. எமது மலசலகூடக் குழி அவருடைய கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. இங்கே சட்டமும் அயலவரும் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குத் தயாராவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அனுமதி ஏன்?

அமிர்தகழி மட்டக்களப்பு மாநகர சபை எல்லைக்குள் உள்ளது. நகரப் பகுதிகளில் கட்டடங்களை ஒழுங்குபடுத்த 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பின்னர் வந்தது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, பின்பக்கத்தில் எவ்வளவு வெளி விடுவது, காணியில் எத்தனை பங்கை மூடலாம் என்பவற்றை இவற்றின் கீழான விதிகள் சொல்கின்றன.

வாவியோரக் காணியானால் இன்னொரு படியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக்கியது. கடலோடு தொடுக்கும் வாவிகளுக்கும் அதில் தனி ஏற்பாடு உண்டு. ஆகவே அத்திவாரம் வெட்டுமுன், காணி அவ்வலயத்துக்குள் வருகிறதா என்று கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்டு அறிவது அவசியம்.

விதித்தளர்வு என்றால் என்ன?

சில காணிகளில் விதியை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாது. காணி ஒடுக்கமாக இருக்கலாம், மூலை வெட்டுப்பட்டிருக்கலாம், ஒரு பக்கம் மாரியில் நீர் நிற்கும் பள்ளமாக இருக்கலாம். அப்போது, குறித்த ஒரு விதியை எமது காணிக்கு மட்டும் சற்றுத் தளர்த்தும்படி கேட்பதே விதித்தளர்வு. இது சலுகையாகக் கிடைக்கலாமே தவிர, உரிமையாகக் கேட்கக்கூடியதல்ல.

அமெரிக்க நகரங்களில் இத்தகைய விண்ணப்பங்களைப் பகிரங்கமாக விசாரிக்கிறார்கள். அயலவருக்கும் அறிவித்தல் போகிறது. அங்கே கேட்கப்படும் முக்கிய கேள்விகள் இரண்டு. இந்தச் சிரமம் காணியின் இயல்பால் வந்ததா, விண்ணப்பகாரர் தானே தேடிக்கொண்டதா? தளர்வு கொடுத்தால் அயலுக்குத் தீங்கு வருமா? எந்த நாட்டிலும் இவை நியாயமான கேள்விகளே. “எனக்கு இன்னொரு அறை வேண்டும்” என்பதைவிட, “பின்பக்கம் வெள்ளம் நிற்பதால் முன்னே மூன்று அடி தள்ளவேண்டியுள்ளது” என்பது வலுவான காரணம்.

அயலவர் சொல்வதைக் கேட்போம்

எமது விவசாயிகளுக்கு இது புதிதல்ல. போகத்துக்கு முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவரும் கடைசியில் உள்ளவரும் அங்கே பேசுகிறார்கள். மேல்வயல்காரர் வரம்பை உயர்த்தினால் கீழ்வயல் காயும் என்பது எல்லோருக்கும் தெரியும். வளவும் அப்படித்தான். நாம் மண் போட்டு நிலத்தை உயர்த்தினால், மாரித் தண்ணீர் அயலவரின் முற்றத்துக்குப் போகும்.

ஆட்சேபம் வந்தவுடன் அதைப் பகை என்று எண்ணவேண்டாம். அது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்.

1. சுகாதாரம்: குழிக்கும் கிணற்றுக்கும் பொதுவாக 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். நீர்மட்டம் உயர்ந்த மணற்பாங்கான எமது நிலத்தில் இது உயிர்ப்பிரச்சினை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுங்கள்.

2. தண்ணீர், காற்று, வெளிச்சம்: பீலியைத் திருப்புவது, யன்னலை இடம் மாற்றுவது போன்ற சிறு திருத்தங்களால் பெரும்பாலும் தீரும்.

3. எல்லை: இது வேறு விடயம். கட்டட அனுமதி காணி உரிமையைத் தீர்மானிப்பதில்லை. உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றைக் கொண்டே இதைத் தீர்க்கவேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

4. வந்தேறியவர் என்ற மனத்தாங்கல்: இதற்கு வரைபடத்தில் மருந்தில்லை. விண்ணப்பம் போடுமுன் ஒரு மாலை போய், படத்தை விரித்துக் காட்டிப் பேசுவதே வழி.

பேசி ஒத்துக்கொண்டதை எழுத்தில் வைத்து இருவரும் ஒப்பமிடுங்கள். வாய்ப்பேச்சு, காணி கைமாறினால் அல்லது பெரியவர் மறைந்தால் நிற்காது.

கேட்காமல் போட்ட கோடு

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டத் தடைவலயம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் தளர்வு கிடைத்தது. மீனவரின் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. நாவலடி மக்கள் பலர் திராய்மடுவில் குடியேறினார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், ஏறத்தாழ ஓராண்டில் அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்களின் வாழ்வு கூடாரத்தில் கழிந்துவிட்டது. பாதிக்கப்படுவோரைக் கேளாமல் விதி போடுவதும் தவறு; விலக்குக் கொடுப்பதும் தவறு. அரசாங்கத்திடம் நாம் எதிர்பார்த்த இந்த நியாயத்தை அயலவருக்கு நாமும் செய்யவேண்டும்.

அனுமதியின்றிக் கட்டினால்?

அதிகார சபைச் சட்டப்படி, முதலில் வேலையை நிறுத்தும்படி அறிவித்தல் வரும். அதற்குப் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றக் கட்டளை பெற்றுக் கட்டடத்தை இடிக்கலாம். அறிவித்தல் கிடைத்தால் ஒளித்து வைக்காமல் உடனே சபைக்குச் செல்லுங்கள். கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் பெறவும் மறவாதீர்கள்.

புதிய வீடு கட்டுகிறவன், எவரும் விழுந்து சாகாதபடி மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் பணிக்கிறது. வீடு எம்முடையதாயினும் அதைக் கட்டும் முறையில் பிறருக்கும் பங்குண்டு என்பதே அதன் பொருள். பலமுறை வேரறுந்த குடும்பங்கள் இனியொரு முறை பெயராதிருக்க வேண்டுமானால், சபையின் முத்திரை ஒரு கையிலும் அயலவரின் நல்லெண்ணம் மறு கையிலும் இருக்கட்டும்.