தாயின் பாரத்தைப் பகிர்ந்துகொள்வோம்



குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லையா? பத்து மாதமாகியும் உட்காரவில்லையா? ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். தேவைப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திற்கு அனுப்புகிறார்கள்.

குற்றம் யாருடையது?

"கிரகணத்துல வெளியே போனா, அதான்" என்று தாயைப் பழிப்பது தவறு. பிரசவ நேர மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், பிறவிக் கோளாறு ஆகியவை காரணங்களாகலாம். பல சமயம் காரணமே தெரிவதில்லை. இது யாருடைய பாவமும் அல்ல.

கூடிப் பேசுவதால் என்ன பயன்?

பழிச்சொல்லுக்கு அஞ்சித் தாய் வீட்டோடு அடைந்து கிடக்கிறாள். அவள் மனம் சோர்ந்தால் குழந்தையின் பயிற்சியும் நின்றுபோகும். இதே நிலையிலுள்ள எட்டுப் பத்துத் தாய்மார்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால், "நமக்கு மட்டுமில்ல" என்ற தெம்பு வரும். கைகண்ட வழியும் கிடைக்கும். "புள்ளைக்குச் சோறு புரையேறுது" என்று ஒருத்தி சொன்னால், "படுக்க வச்சு ஊட்டாதே, நிமிர்த்தி உட்கார வச்சு, தலை பின்னால சாயாம, கொஞ்சங் கொஞ்சமா ஊட்டு" என்பாள் இன்னொருத்தி. அடையாள அட்டை, உதவித்தொகை வாங்கிய விவரமும் அங்கேயே தெரியும்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் உள்ளது. விபத்தில் கை கால் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் அதைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே சென்று, குழந்தைக்குப் பயிற்சி தரும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுத் தருகிறார்கள். வீட்டாரைச் சேர்த்துக்கொண்டால்தான் பயிற்சி நிலைக்கும்.

நம் ஊரில் எப்படித் தொடங்குவது?

திருப்பனந்தாள் வட்டாரத் தாய்மார்கள் புதன்கிழமைத் தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடி ஊழியரிடமோ சொல்லுங்கள். நடவு, அறுப்பு இல்லாத நேரமாகக் கூடுங்கள். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது. அழுதால் வெட்கமில்லை.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

தந்தைமார்களே! அந்த இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்ற ஒரு சொல் போதும், அவள் தெம்போடு புறப்படுவாள்.