குப்பையும் கொல்லும்!

2017 ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு நாள்.

இலங்கையில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்ல என்ற இடத்தில் ஒரு குப்பை மலை இருந்தது. பனை மரத்தைவிட உயரம்! அன்று அது சரிந்து, பக்கத்து வீடுகள் மீது விழுந்தது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள்.

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. தீயை அணைக்கப் பல நாள் ஆயிற்று.

குப்பை ஏன் இப்படி எரிகிறது?

சோறு, இலை, பாலித்தீன் பை எல்லாம் ஒன்றாகக் குவிந்தால் அடியில் காற்று புகாது. காற்று இல்லாமல் அழுகும் பொருளில் இருந்து மீத்தேன் வாயு கிளம்பும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதுதான். ஒரு பொறி பட்டால் போதும்!

"அதெல்லாம் பெரிய பட்டணத்துச் சமாசாரம்" என்று சங்கராபுரத்துக்காரர்கள் நினைக்கலாம். சிறிய ஊரிலும் குப்பை சேரத்தான் செய்யும். பக்கத்தில் கல்வராயன் மலை இருக்கிறது. ஊருக்கு இன்னொரு மலை எதற்கு?

2 வாளி போதும்

வீட்டில் 2 வாளி வையுங்கள். ஒன்றில் மிச்சச் சோறு, காய்கறித் தோல், வாடிய பூ. இவை மக்கும். காற்றுப்பட மக்க வைத்தால் சுமார் 2 மாதத்தில் எருவாகும். இன்னொன்றில் காகிதம், பிளாஸ்டிக், தகரம்.

இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டது. குழம்பு பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கமாட்டார். கண்ணாடித் துண்டு கலந்த எருவை எந்த விவசாயி கரும்புக்குப் போடுவார்?

பாட்டரி, காலாவதியான மருந்து, ஊசி ஆகியவை தனி. நாப்கின், டயப்பரைச் சுற்றிக் கொடுக்கவேண்டும்.

இப்படிப் பிரிக்கும்படி 2016-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்தது. வீட்டுக்கு மட்டும் அல்ல. ஓட்டல், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும்தான். மண்டபத்தில் எச்சில் இலைக்கு ஒரு தொட்டி, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு தொட்டி வைப்பது பெரிய செலவா? பந்தி முடிந்த பிறகு பிரிப்பதுதான் கஷ்டம்.

யார் கை?

நாம் பிரிக்காததை யாரோ ஒருவர் பிரிக்கிறார். தூய்மைப் பணியாளர் பைக்குள் கைவிடுகிறார். சோற்றுக்குள் உடைந்த கண்ணாடி இருப்பது அவருக்குத் தெரியாது. உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தடித்த தாளில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதி, அவர் கையில் தனியாகக் கொடுங்கள்.