காவற்படைக்கு ஒரு கடிவாளம்

பப்பாசிக்காயின் துண்டொன்றை அரைத்து இறைச்சியோடு பிசைந்து வைத்தால், முற்றிய இறைச்சியும் விரைவில் மென்மையாக வெந்துவிடும். சமையலறையில் வழிவழியாகக் கையாளப்படும் இவ்வுபாயத்தின் இரகசியம், காயின் பாலிலுள்ள பப்பேயின் என்னும் நொதியத்தில் இருக்கிறது. புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டுவதே அதன் தொழில். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதே பப்பேயினை எலிகளின் நுரையீரலுட் செலுத்திப் பார்த்தனர். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் அழிந்தன. மனிதரை மூச்சுத் திணறச் செய்யும் எம்பிசீமா என்னும் நோயின் தோற்றம் அவ்வெலிகளிற் காணப்பட்டது.

மனிதனுடைய நுரையீரலுள் எவரும் பப்பேயினை ஊற்றுவதில்லை. ஆயினும் அதனையொத்த நொதியமொன்றை உடலே ஆக்கி வைத்திருக்கிறது என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். நோய்க்கிருமி புகுந்ததும், முன் அறிமுகம் எதுவும் வேண்டாது, முந்தி ஓடிவருவன நியூத்திரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்கள். பிறப்போடு அமைந்த நோயெதிர்ப்பின் முன்னணிப் படை அவை. அவற்றினுள்ளே நுண்மணிகளில் எலாசுத்தேசு என்னும் நொதியம் அடைபட்டிருக்கிறது. விழுங்கிய பற்றீரியாவைச் சிதைக்க அது உதவும். கலத்துக்கு வெளியே சிந்திவிட்டாலோ, பகையென்றும் உறவென்றும் அது பார்ப்பதில்லை. நுரையீரல் விரிந்து சுருங்குவதற்கு வேண்டிய மீள்சக்தி இழைகளையே வெட்டிவிடும். அதுமட்டுமன்று. காற்றுக்குழாய்களின் உட்சுவரைத் தூண்டி, மேலும் வெண்குருதிக் கலங்களை வரவழைக்கும் இரசாயனத் தூதையும் அனுப்பச் செய்யும். வந்தவை மேலும் நொதியத்தைச் சிந்தும். அழற்சியே அழற்சியை வளர்ப்பது இவ்வாறுதான்.

இதற்குக் கடிவாளமாக அமைந்தது, ஈரலில் உருவாகிக் குருதியோடு சுற்றிவரும் அல்பா-1 அன்ரிதிரிப்சின் என்னும் தடைப்புரதம். அது வேலை செய்யும் விதம் எலிப்பொறியை நினைவூட்டும். தன் உடலில் ஒரு வளையத்தை இரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். எலாசுத்தேசு அதனைக் கடித்ததும் வளையம் அறுந்து, கடித்த நொதியத்தையும் இழுத்துக்கொண்டு மறுபுறம் பாயும். அந்த வேகத்தில் நொதியத்தின் உருவமே குலைந்து போகும். ஒரு பொறி ஒருமுறைதான் பயன்படும். பிடித்ததும் பிடிபட்டதும் சேர்ந்தே அழியும். ஆகவே கையிருப்பு மிகுதியாக இருத்தல் வேண்டும். சாதாரண நிலையிலேயே ஒரு லீற்றர் குருதிநீரில் ஏறத்தாழ 1 முதல் 2 கிராம் வரை இப்புரதம் உண்டு. அழற்சி தோன்றியதும் ஈரல் அதன் உற்பத்தியைப் பெருக்குகிறது.

இப்புரதத்தின் அருமை, அது இல்லாதவர்களைக் கண்ட பின்னரே விளங்கியது. குருதிநீரின் புரதங்களை மின்சாரத்தின் உதவியாற் பட்டைகளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த லாரெல், எரிக்சன் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர், சுமார் 1,500 பேரின் மாதிரிகளில் ஐந்தில் மட்டும் ஒரு பட்டை காணாமற்போயிருந்ததைக் கவனித்தனர். அந்த ஐவருள் மூவர் இளவயதிலேயே எம்பிசீமாவுக்கு ஆளானவர்கள். 1963ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று. பிழையான பட்டையை நோக்குவோர் பலர். இல்லாத பட்டையை நோக்குவோர் சிலரே.

குறைபாட்டின் மூலம் மிகச் சிறியது. புரதச் சங்கிலியின் 342ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. மாறிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஈரலிலேயே தேங்கிவிடுவதால், சிலருக்கு ஈரலும் கெடும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்றவர் குருதியில் வழமையான அளவின் 10 முதல் 15 சதவீதமே எஞ்சும். வட ஐரோப்பிய வழிவந்தோரிடையே இது மிகுதி; ஆசிய மக்களிடம் அரிது.

ஆனால் குறைபாடற்றவரும் இதே இடருக்குத் தாமாகவே வழி திறக்கலாம். சிகரெட் புகை, பொறியின் இரையாக அமைந்த மெதியோனின் என்னும் பகுதியை ஒட்சியேற்றிப் பழுதாக்குகிறது. அதே புகை வெண்குருதிக் கலங்களையும் நுரையீரலுக்கு இழுக்கிறது. வெட்டும் கத்தி பெருக, தடுக்கும் கேடயம் மழுங்குகிறது. பிறவிக் குறையுடையவர் புகைத்தால் நோய் பல்லாண்டு முந்தியே வருவதன் காரணம் இதுவே.

பிறர் வழங்கிய குருதியிலிருந்து இப்புரதத்தைப் பிரித்தெடுத்து, வாரந்தோறும் நாளத்தினூடாக ஏற்றும் சிகிச்சைக்கு 1987இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நுரையீரல் மேலும் அழியும் வேகத்தைத் தணிக்கிறது. அழிந்துபோன காற்றறைகளை மீட்டுத் தருவதில்லை.