விடியற்காலைப் பிரிவு

அகத்திணை இலக்கணம் பிரிவினைப் பல வகையாகப் பகுத்துக் கூறும். ஓதற் பிரிவு, பகைவயிற் பிரிவு, தூதிற் பிரிவு, பொருள்வயிற் பிரிவு என அவை விரியும். இவை யாவற்றிலும் பிரிந்து செல்பவன் தலைவன். இல்லிருந்து ஆற்றியிருப்பவள் தலைவி. கணவனும் மனைவியும் ஒருங்கே இருளில் வினைமேற் செல்ல, குழந்தைகள் மட்டும் வீட்டில் எஞ்சுகின்ற பிரிவுக்கு இலக்கணத்தில் பெயரில்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை எனக் கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தது அந்தப் பெயரில்லாப் பிரிவே.

இதற்கு முதற்காரணம் மரத்தின் இயல்பு. ரப்பர் மரப் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் இரவிலும் விடியலிலும் மிகுந்து நிற்கும். வெயில் ஏறி, இலைகள் நீரை ஆவியாக வெளிவிடத் தொடங்கியதும் அவ்வழுத்தம் தணியும், பாலும் குறையும். ஆதலின் குளிர்ப்பொழுதிலேயே வெட்டு நடந்தாக வேண்டும். பொழுது புலருமுன் பிரட்டு. பெயர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்கு நடை. வெட்டி முடிந்து பால் வடியும்வரை சற்றே ஓய்வு. பிறகு பாலெடுப்பு, காண்டா வாளியோடு ஸ்டோருக்குச் செல்லுதல், நிறுவை. இவற்றிடையே ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் சேர்க்க வேண்டும். இரவில் மழை பெய்திருந்தால் பட்டை உலரும்வரை காத்திருக்க நேரும். அன்று தாய் வீடு திரும்பும் நேரத்தைச் சொல்வார் எவருமில்லை.

ஒருவர் வேலைக்குச் சென்று மற்றொருவர் வீட்டிலிருக்கலாகாதா எனின், கூலி அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்த 1930இல் அது 40, 32 எனக் குறைந்தது. இரண்டு பெயர் செக்ரோலில் ஏறினால்தான் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்தது. லயத்து வீடும் வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது.

கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. உறங்கும் பிள்ளையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிச் சென்று தூளியில் கிடத்திவிட்டுத் தாய் பிரட்டுக்கு ஓடுவாள். அங்கிருந்த ஆயா பெரும்பாலும் மரம் வெட்ட முடியாத வயதினள். பல குழந்தைகளுக்கு ஒருத்தி என்றாலும், அக்கொட்டகை இல்லாவிடில் தோட்டத்தில் வேலையே நடந்திராது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக, 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகை உண்டு, பள்ளியும் உண்டு. ஆயின் பிரட்டுக்கும் பள்ளி மணிக்கும் இடைப்பட்ட நேரம் எந்தச் சட்டத்திலும் இடம்பெறவில்லை.

அந்நேரத்தை நிரப்பியவள் அக்காள். தம்பி தங்கையரை எழுப்பிக் குளிப்பாட்டி, பசியாறச் செய்து, பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு ஒன்பது, பத்து வயதுச் சிறுமியின் மேல் விழுந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அவள் வீட்டிலேயே நின்றுவிடுவாள். வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்ற குறி விழும். காரணம் எழுதுவதற்கு அதில் கட்டமில்லை. பெற்றோரின் வேலைக்கும் குடும்பத்துக்கும் ஈடு கட்டியது அவளது படிப்பேயாகும். பெண் கல்வியில் தோட்டத்தார்க்கு அக்கறையில்லை என்று எளிதாகப் பழித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

பின்னர் செம்பனை வந்தது. வந்தது என்பதும் முழுவதும் பொருந்தாது. மலாயாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதல் 1917இல் பயிரிடப்பட்டதே இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொனியே அதைத் தொடங்கினார். ரப்பர் பின்வாங்கிய பிற்காலத்தில்தான் அது எங்கும் பரவியது. செம்பனைக்கு விடியலின் அவசரமில்லை. குலை வெட்டுதல் ஆடவர் வேலை, உதிரிப்பழம் பொறுக்குதலும் உரமிடுதலும் பெண்டிர்க்கு. தோட்டங்கள் கைமாறிக் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தபோது, மரத்தின் நேரம் போய்த் தொழிற்சாலைப் பேருந்தின் நேரம் வந்தது. ஷிப்டு வேலையில் தாய் ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் இல்லாதிருக்கக் கூடும். தாமானில் ஆயாக் கொட்டகையும் கிடையாது. பிள்ளை பார்ப்பவருக்கு மாதப் பணம் எண்ணித் தர வேண்டும்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தன. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வார வேலை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தந்தைக்கும் முதன்முறையாக 7 நாள் விடுப்புக் கிடைத்தது. பெண்களை இரவு 10 முதல் காலை 5 வரை தொழில், வேளாண்மை வேலைகளில் அமர்த்தக்கூடாதென்ற தடையும் அதே திருத்தத்தில் நீங்கியது. ஒரு கை கொடுக்க மறு கை வாங்கியதோ என்று ஐயுறுவாரும் உளர்.

பள்ளியளவில் செய்யத்தக்கது சிறிதாயினும் உண்டு. வீட்டுப்பாடம் எழுதாது வரும் பிள்ளையிடம், நேற்றிரவு வீட்டில் பெரியவர் யார் இருந்தார் என்று முதலில் கேட்கலாம். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பெற்றோரின் ஷிப்டைப் பென்சிலால் குறித்து வைக்கலாம். பெற்றோர் கூட்டத்தை ஒரே நாளில் காலையும் மாலையுமாக இருமுறை வைத்தால், இரவு வேலைக்காரரும் பகல் வேலைக்காரரும் வர இயலும்.